பூக்குடிலுக்குக் கணப்பு வேண்டுமா?



வாசுதேவநல்லூரில் உட்கார்ந்துகொண்டு குளிர் காய்வதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரிந்தால் எங்கள் தெருவே சிரிக்கும். மேற்கே மலை இருப்பது உண்மைதான். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தால் எங்கள் பக்கமும் காற்று சிலுசிலுக்கும், எப்போதாவது நாலு தூறல் விழும். மார்கழி விடியலில் கோலம் போடக் குனியும்போது முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொள்வோம். எங்கள் குளிர் அவ்வளவுதான். எலுமிச்சைக்கும் தென்னைக்கும் இங்கே யாரும் போர்வை போர்த்தியது கிடையாது. நாற்றங்காலுக்கு நிழல்வலை கட்டினால் அது வெயிலை மறைக்கத்தான்.

இருந்தாலும் இந்த முறை, குளிர்கால இரவில் செடிகளைக் கதகதப்பாக வைத்திருப்பதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். காரணம் எங்கள் அக்கா மகள். அவளை ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்குக் கிராமத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. உருளைக்கிழங்கும் காரட்டும் போட்டுக்கொண்டிருந்த குடும்பம். மாப்பிள்ளை பாங்கியில் கடன் வாங்கி, 25 சென்ட் நிலத்தில் பிளாஸ்டிக் தாள் போர்த்திய பசுமைக்குடில் அமைத்து, கார்னேஷன் பூ வளர்க்கிறார். கைக்குழந்தைக்கு எட்டு மாதம். போன டிசம்பரில் ஒரு நாள் இரவு போன் வந்தது.

"சித்தி, மொக்கெல்லாம் ஒரு பக்கமா வெடிச்சுப் போகுது. வெடிச்ச பூவை வியாபாரி எடுக்க மாட்டேங்காரு. ஹீட்டர் போடணும்னா லட்சக்கணக்குல ஆகுமாம். அதனால ராத்திரி ரெண்டு கரிச்சட்டிய வச்சுக்கிட்டு அவுக குடிலுக்குள்ளயே படுத்துக்கிடுதாவ. நீங்க தோட்டத்தைப் பத்தியெல்லாம் எழுதுதீங்களே, ஒரு வழி சொல்லுங்க."

பூ வெடிப்பதைக் கேட்டு வருத்தமாக இருந்தது. ஆனால் "உள்ளேயே படுத்துக்கிடுதாவ" என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. "ஏட்டி, பூவை நாளைக்குப் பார்த்துக்கிடலாம். இப்பமே போயி அவரை எழுப்பி வெளிய கூட்டிட்டு வா. சட்டியையும் வெளியில வையி. மத்ததை நான் நேர்ல வந்து சொல்லுதேன்" என்றேன்.

முதலில் கரிச்சட்டி

அவர் படுத்திருந்தது குடிலின் ஒரு மூலையில். பூக்களைக் கட்டுப் போடுவதற்காக நாலு பக்கமும் தாளால் மறைத்த சின்னத் தடுப்பு அது. உள்ளே ஒரு கட்டில், ஒரு கரிச்சட்டி; இன்னொரு சட்டி வாசலில்.

விறகு எரிந்தால் புகை கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், எழுந்து ஓடிவிடுவோம். கரி அப்படியில்லை. புகையே இல்லாமல் சிவப்பாகக் கனன்று கொண்டிருக்கும். "புகை இல்லையே, பயமில்லை" என்று தோன்றும். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. காற்றோட்டம் போதாத இடத்தில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. மூச்சோடு உள்ளே போய், ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஒட்டிக்கொள்ளும் வலு, பிராணவாயுவைப் போல இருநூறு மடங்குக்கும் மேல். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், அசதி. தூங்குகிறவருக்கு இந்த எச்சரிக்கைகள் எதுவும் தெரியாது. தூக்கம் அப்படியே மயக்கமாகிவிடும்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்குப் பயந்து, அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியைப் பத்திரிகைகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இந்த வாயுவால் வரும் கெடுதல் இன்னும் அதிகம்.

சரி, மனிதர் யாரும் படுக்காமல் பூவுக்காக மட்டும் சட்டியை வைக்கலாமே என்று மாப்பிள்ளை கேட்டார். அதற்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. அமெரிக்காவில் சிகாகோ நகரத்தைச் சுற்றிக் கண்ணாடி வீடுகளில் கார்னேஷன் வளர்த்தவர்களுக்கு, மலர்ந்த பூ திடீரென்று இதழை மூடித் தூங்கிவிடுகிற தொல்லை இருந்தது. 1908-ல் கிராக்கர், நைட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதை ஆராய்ந்தார்கள். விளக்கெரிக்கும் வாயு குழாய்களிலிருந்து கசிந்ததும், அதில் கலந்திருந்த எத்திலீன் பூக்களைக் கெடுத்ததும் வெளிப்பட்டது. நாம் வாழைத்தாரைப் புகை போட்டுப் பழுக்க வைக்கிறோமே, அதில் வேலை செய்வதும் இதே எத்திலீன்தான். அரைகுறையாக எரிகிற எந்த நெருப்பிலும் அது கொஞ்சம் உண்டாகும். வாழைக்காயைப் பழுக்க வைப்பது கார்னேஷன் பூவை வாட வைக்கிறது. ஆகவே கரிச்சட்டி ஆளுக்கும் ஆகாது, பூவுக்கும் ஆகாது.

பகலில் ஏன் சூடு, இரவில் ஏன் குளிர்?

நீலகிரியில் குளிர்காலம் என்றால் நாள் முழுக்க நடுங்கிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். பகலில் நல்ல வெயில் அடிக்கும். இருபது டிகிரி வரைக்கும்கூடப் போகும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில்தான் சங்கடம். நவம்பரில் நீர்ப்பனி ஆரம்பிக்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி. விடியற்காலையில் பள்ளத்தாக்குப் புல்வெளி சுண்ணாம்பு அடித்தமாதிரி வெள்ளையாகக் கிடக்கும். ஒன்பது மணி வெயிலில் அது காணாமல் போய்விடும்.

கண்ணாடி வீடு பகலில் சூடாவதற்கு, வெயிலின் சூட்டைக் கண்ணாடி உள்ளே பூட்டி வைத்துக்கொள்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது பாதிதான் சரி. 1909-ல் உட் என்ற அமெரிக்க பௌதிக ஆசிரியர் இரண்டு பெட்டிகள் செய்து, ஒன்றைக் கண்ணாடியாலும் மற்றொன்றைப் பாறை உப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். பாறை உப்பு வெப்பக் கதிர்களைத் தடுக்காது. ஆனாலும் இரண்டு பெட்டியும் ஏறக்குறைய ஒரே அளவு சூடாயின. சூடான காற்று மேலே எழும்பி வெளியே போகவிடாமல் அடைத்து வைப்பதுதான் முக்கியமான காரணம் என்று அதிலிருந்து தெரிந்தது. மூடி போட்ட பாத்திரம் ஆறாமல் இருக்கிறதே, அந்த நியாயந்தான்.

இரவில் நிலைமை வேறு. நாள் முழுக்கச் சூடான மண், இரவில் அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத கதிராக ஆகாயத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மேகம் இருந்தால் அது போர்வைபோலத் தடுக்கும். மேகம் இல்லாவிட்டால் சூடு நேரே போய்விடும். கண்ணாடியாவது இதைக் கொஞ்சம் தடுக்கிறது. சாதாரண பிளாஸ்டிக் தாள் பெரும்பாலும் வழிவிட்டுவிடுகிறது. அதனால் சில தெளிந்த இரவுகளில் மூடிய குடிலுக்குள் வெளியைவிடக் குளிர் அதிகமாகக்கூட இருக்கும். "அதான் சின்னத்தை, உள்ளே போனா இன்னும் குளிருதே, ஏன்னு யோசிச்சேன்" என்றார் மாப்பிள்ளை.

கார்னேஷனுக்கு ராத்திரியில் பத்துப் பன்னிரண்டு டிகிரி இருந்தால் சுகம். அதற்குக் கீழே போனால் செத்துவிடாது; வளர்ச்சி மெதுவாகும். பகலில் நல்ல சூடும் இரவில் கடும் குளிருமாக மாறிமாறி வந்தால் மொக்கின் பச்சை உறை ஒரு பக்கமாகப் பிளந்துவிடும். அவர்கள் வீட்டுத் தொல்லை இதுதான்.

சீமையில் என்ன செய்தார்கள்?

லண்டனுக்குப் பக்கத்தில் கியூ என்ற இடத்தில் பெரிய தாவரத் தோட்டம் இருக்கிறது. அங்கே 1844 முதல் 1848 வரை நாலு வருஷம், இரும்பும் கண்ணாடியுமாக ஒரு பனை மாளிகை கட்டினார்கள். நம் ஊரில் வயல் வரப்பில் தானாக முளைக்கிற பனை வகைகளுக்கு அந்தக் குளிர் தேசத்தில் மாளிகை! தரைக்கு அடியில் கொதிகலன்கள், அவற்றிலிருந்து சுடுதண்ணீர்க் குழாய்கள், மேலே இரும்புச் சல்லடை. கொதிகலனின் புகையைச் செடிகளிடம் அண்டவிடாமல், பூமிக்கடியில் சுரங்கம் வெட்டித் தூரத்திலிருந்த கோபுரம் வழியாக வெளியேற்றினார்கள். நூற்றெழுபது வருஷத்துக்கு முன்பே, சூடு உள்ளே, புகை வெளியே என்பதில் அவ்வளவு அக்கறை.

அதே கியூ தோட்டத்திலிருந்து வந்தவர்தான் மெக்ஐவர். 1848-ல் ஊட்டிக்கு வந்து, இன்று நாம் மலர்க்காட்சி பார்க்கப் போகிற தாவரவியல் பூங்காவை உருவாக்கினார். பெங்களூர் லால்பாக் கண்ணாடி மாளிகைக்கு 1889-ல் அஸ்திவாரம் போட்டார்கள். லண்டன் பளிங்கு மாளிகையின் சாயல் அதற்கு உண்டு. ஆனால் பெங்களூர்க் குளிருக்குக் கொதிகலன் அவசியப்படவில்லை. சுற்றிலும் திறப்பு விட்டதே போதுமாக இருந்தது. ஊருக்கு ஊர் குளிர் வேறு, அதனால் மருந்தும் வேறு. சீமைக்காரர் மாதிரி நாமும் குழாய் போட வேண்டும் என்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

மளிகைக் கணக்குப் போடத் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கு கஷ்டமே இல்லை. 25 சென்ட் என்பது சுமார் ஆயிரம் சதுர மீட்டர். கூரையும் பக்கமும் சேர்த்துத் தாளின் பரப்பு ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு சதுர மீட்டர். ஒற்றைத் தாள் வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 6 வாட் சூடு வெளியே போகும்.

வெளியே 2 டிகிரி, உள்ளே 10 டிகிரி வேண்டும் என்றால் வித்தியாசம் 8 டிகிரி. 1500-ஐ 6-ஆலும் 8-ஆலும் பெருக்கினால் 72,000 வாட். அதாவது 72 கிலோவாட். இஸ்திரிப் பெட்டி ஆயிரம் வாட் என்றால், 72 இஸ்திரிப் பெட்டிகளை விடிய விடியப் போட்டு வைப்பதற்குச் சமம். பத்து மணி நேரத்துக்கு 720 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு ராத்திரிக்கு 5,760 ரூபாய். இப்படி நாற்பது ராத்திரி என்றால் 2,30,400 ரூபாய்!

காகிதத்தில் இதைப் பார்த்ததும் மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. என் அக்கா மகள்தான், "சித்தி, பூவை வித்தா இம்புட்டு மிஞ்சுமா?" என்றாள். கடன் வாங்கி வைத்த குடிலுக்கு இன்னொரு கடன் வாங்கிச் சூடு போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுக்கிற கதை. முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும்.

இதே கணக்கை வேறு மாதிரி போடுங்கள். ஓட்டைகளை அடைத்து, உள்ளே ஒரு திரை கட்டினால் வெளியே போகிற சூடு ஏறத்தாழப் பாதியாகக் குறையும். பத்து டிகிரிக்குப் பதிலாக ஆறு டிகிரி போதும் என்று முடிவு செய்தால் வித்தியாசம் 8-லிருந்து 4 ஆகிவிடும். அதிலும் பாதி குறையும். 720 யூனிட் என்பது 180 ஆகிவிட்டது. 'உறையாமல் இருந்தால் போதும், மூன்று நாலு டிகிரி இருக்கட்டும்' என்றால், அநேக இரவுகளில் மண்ணில் இருக்கிற சூடே அதைத் தந்துவிடும். ஹீட்டர் அவசியமே இல்லை.

பணம் அதிகம் பிடிக்காத வேலைகள்

நான் அங்கே இருந்த பத்து நாளில் வீட்டிலுள்ள எல்லோருமாகச் சேர்ந்து செய்த காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று: சாயந்திரம் குடிலுக்குள் நின்று, கையை நனைத்து, தாள் சேரும் இடங்களில் எல்லாம் காட்டிப் பார்த்தோம். எங்கே கை ஜில்லென்று ஆகிறதோ அங்கே ஓட்டை. பதினேழு இடம் அகப்பட்டது. ஒட்டு நாடாவும் பழைய தாளும் வைத்து அடைத்தோம். கதவின் அடியில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதற்குச் சாக்கில் மண் நிரப்பித் தலையணை செய்து போட்டோம்.

இரண்டு: பக்கத்துத் திரைகளை ஆறு மணிக்கு இறக்குவது வழக்கமாக இருந்தது. அதற்குள் சூடெல்லாம் போய்விடும். மூன்றரை மணிக்கே, வெயில் இருக்கும்போதே இறக்கச் சொன்னேன். காலையில் வெயில் ஏறினதும் மறக்காமல் தூக்கிவிட வேண்டும். ராத்திரி முழுக்க மூடிய குடிலில் தாளிலிருந்து நீர் சொட்டும். அந்த ஈரம் தங்கினால் பூவில் சாம்பல் பூஞ்சணம் பிடித்துவிடும். சூட்டைக் காப்பாற்றுகிறேன் என்று ஈரத்தைச் சேர்த்து வைக்கக் கூடாது.

மூன்று: செடிக்கு ஒரு ஆள் உயரம் மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்து, மெல்லிய தாளைத் திரைச்சீலை மாதிரி சாயந்திரம் இழுத்து மூடுவது. காலையில் ஒதுக்கிவிடுவது. அலுமினியம் பூசிய திரைகளும் விற்கிறார்கள். அவை இன்னும் நன்றாகச் சூட்டைத் திருப்பி அனுப்பும், ஆனால் விலை கூடுதல். கொசுவலைக்குள் படுத்தால் கொஞ்சம் கதகதப்பாக இருக்கிறதே, அதே தத்துவந்தான்.

நாலு: தண்ணீரைக் காலையில் பாய்ச்சுவது. ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மதியம் வெயிலில் அது சூடாகி, ராத்திரி மெள்ளத் திருப்பிக் கொடுக்கும். வெயில் குடித்த திண்ணைக் கல் இரவு எட்டு மணிவரை சுடவில்லையா?

ஐந்து: குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்தை நோக்கி ஓடும். குடிலுக்குக் கீழ்ப்பக்கம் வேலியில் செடிகொடி அடர்ந்து, அணை கட்டினமாதிரி குளிர் அங்கேயே தேங்கிக்கொண்டிருந்தது. அந்த வேலியில் இரண்டு இடத்தில் வாசல் மாதிரி வெட்டிவிட்டோம். செலவு, ஒரு நாள் அரிவாள் வேலை.

நாற்றுக்கு மட்டும் ஒரு தொட்டில்

வளர்ந்த செடி குளிரைப் பொறுக்கும். வேர்விடுவதற்காக மணலில் நட்டிருக்கும் துளிர்க் குச்சி பொறுக்காது. வீட்டில் குளிர் என்றால் குழந்தைக்குத்தானே முதல் கம்பளி? அதனால் குடில் முழுவதையும் சூடாக்குகிற யோசனையை விட்டு, உள்ளேயே ஒரு மூலையில் பத்தடி அகலம், இருபதடி நீளத்தில் சின்னக் கூடாரம் போட்டோம். குடிலுக்குள் குடில்.

இதற்குக் கணப்பாக வைத்தது தண்ணீர். 200 லிட்டர் பீப்பாய்கள் பத்து, வெளியே கறுப்பு வர்ணம் அடித்து, தண்ணீர் நிரப்பி, இறுக மூடி, வரிசையாக வைத்து, அவற்றின்மேல் பலகை போட்டு நாற்றுத் தட்டுகளை வைத்தோம். பகலில் கூடாரத்தைத் திறந்துவிட்டால் வெயில் பீப்பாயில் படும். ராத்திரி மூடிவிட்டால் தண்ணீர் சூட்டை விட்டுக் கொடுக்கும். ஒரு பீப்பாய் 8 டிகிரி ஆறினால் கிட்டத்தட்ட 1.9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு தரும். பத்துப் பீப்பாய்க்கு 19 யூனிட். கூடாரத்தின் தாள் 35 சதுர மீட்டர். குடிலைவிட 5 டிகிரி கூடுதலாக வேண்டும் என்றால், நம் பழைய கணக்குப்படி இரவுக்குச் சுமார் 10 யூனிட் போதும். வெயில் இல்லாத நாளிலும் கொஞ்சம் கைவசம் இருக்கும். பில் கட்ட வேண்டாம், புகை இல்லை, காவலுக்கு யாரும் படுக்க வேண்டாம்.

வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதால் ஒரு எச்சரிக்கை: திறந்த பீப்பாயை ஒருநாளும் வைக்காதீர்கள். மூடியை இறுக்கிப் பூட்டினமாதிரி வைக்க வேண்டும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. லடாக்கில் குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிகூடப் போகும். அங்கே தெற்குப் பக்கம் மட்டும் பிளாஸ்டிக் தாள், மற்ற மூன்று பக்கமும் கனமான மண்செங்கல் சுவர், இரண்டு சுவருக்கு நடுவே வைக்கோல் என்று குடில் கட்டுகிறார்கள். வெயில் படும் சுவருக்குக் கறுப்பு பூசுகிறார்கள். பகலில் சுவர் சூட்டைக் குடிக்கிறது, இரவில் கொடுக்கிறது. விறகும் கரியும் இல்லாமல் அந்தக் குளிரிலும் கீரை பறிக்கிறார்கள். தரையில் பள்ளம் தோண்டி, மேலே தாள் போட்டு வளர்ப்பதும் உண்டு. மார்பளவு பள்ளத்து மண் இரவிலும் ரொம்பக் குளிர்ந்துவிடாது. லடாக்குக்கு வழி இருக்கும்போது நீலகிரிக்கு இல்லாமல் போகுமா?

பிறகு என்ன ஆயிற்று?

சந்தையில் ஒரு வெப்பமானி வாங்கி மூன்று இடத்திலும் தினம் விடியற்காலையில் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு வந்தேன். ஜனவரியில் மோசமான ஒரு விடியலில் வெளியே 1 டிகிரி, குடிலுக்குள் நாலரை, கூடாரத்துக்குள் 10 என்று எழுதி அனுப்பியிருந்தாள். மொக்கு வெடிப்பது அடியோடு நிற்கவில்லை. குறைந்திருக்கிறது. மிச்சத்துக்கு, மொக்கு பெருக்கும்போது அதைச் சுற்றி ரப்பர் வளையம் போடுகிறார்கள். அங்கே அனுபவப்பட்ட விவசாயிகள் செய்கிற வேலைதான் அது. தை மாத முகூர்த்தத்துக்குப் பூ கொஞ்சம் பிந்திப் போனது. அந்த நஷ்டம் நஷ்டந்தான். ஆனால் ஹீட்டர் கடன் வாங்கவில்லை. மாப்பிள்ளை ராத்திரி வீட்டில் படுக்கிறார். என் கணக்கில் இதுதான் பெரிய லாபம்.

பிள்ளை இருக்கும் வீட்டுக்கு

குடிலில் வெளியேற்றின கரிச்சட்டி எங்கே போயிற்று என்று பார்த்தால், குழந்தை தூங்கும் அறைக்குள் இருந்தது! குளிர்ப் பிரதேசத்தில் மட்டுமல்ல, நம் பக்கத்திலும் பிள்ளை பெற்ற அறையில் நெருப்புச்சட்டி வைத்து, ஜன்னலைச் சாத்தி, சாம்பிராணிப் புகை போடுகிற வழக்கம் இருக்கிறது. பெரியவர்கள் அன்போடு செய்வதுதான். "அத்தை, குழந்தைக்கு மூச்சு முட்டும், சட்டியை முற்றத்தில் வைப்போமா?" என்று பக்குவமாகச் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் மட்டும் விட்டுக் கொடுக்க வேண்டாம்.

* கரி அடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, ஜெனரேட்டர் மூன்றும் ஆள் படுக்கும் அறைக்குள் ஒருபோதும் வேண்டாம். கரி நீறு பூத்து அணைந்தமாதிரி தெரிந்தாலும் உள்ளே கனன்று கொண்டிருக்கும்.

* ஒரே அறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், 'சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கூட்டி வந்து, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, 108-க்குப் போன் செய்யுங்கள்.

* பச்சைக் குழந்தைக்குச் சிறந்த கணப்பு அம்மாவின் நெஞ்சுதான். 1978-ல் கொலம்பியா நாட்டில் பொகோட்டா நகர டாக்டர்கள், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல்மேல் தோலாக அணைத்து வைக்கும் முறையை ஆரம்பித்தார்கள். கங்காரு முறை என்ற பெயரில் நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் இன்று அதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

* முரட்டுக் கம்பளி ஒன்றைவிட மெல்லிய பருத்திச் சட்டை இரண்டு மூன்று அடுக்கு நல்லது. நடுவிலுள்ள காற்றுதான் குளிரைத் தடுக்கும். கையில் எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது தலைக்குக் குல்லாய். சுடுதண்ணீர்ப் பாட்டிலைப் படுக்கையில் குழந்தைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சுட்டுவிடும்.

* மாடியில் கத்தரி, மிளகாய் நாற்று விடுகிறவர்கள் மார்கழிப் பனியில் முளைப்பு மந்தமாக இருந்தால், தட்டின்மேல் பழைய பிளாஸ்டிக் தாளைக் கூடாரம் போல் போட்டு, பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீரை மூடி வெயிலில் வையுங்கள். எங்கள் ஊர்க் குளிருக்கு அதுவே யதேஷ்டம். முளை வந்ததும் தாளை எடுத்துவிட வேண்டும்; மறந்தால் பத்து மணி வெயிலில் நாற்று வெந்துவிடும்.

அடுத்த இதழில், கோடை ஆரம்பிக்கும் முன்பே எலுமிச்சையை உப்பில் போட்டு வைக்கிற பக்குவத்தைப் பார்ப்போம்.